ஆடிப்பூரத்துப் போர் விமானம்

போர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பெரிய விஷயமே இல்லை. ஏறி உட்கார்ந்தவரை நேரம் முடிந்ததும் இறக்குவதுதான் தொழில்.

ராட்டினத்துக்கு டிக்கெட் கிழித்தவர்கள், ஜெராக்ஸ் கடையில் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குப் பதில் சொன்னவர்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்று பழகியவர்களுக்கு இது புரியாது.

என் பேர் பேச்சி. பிளஸ் டூ முடித்தேன். மேலே படிக்கவில்லை. ஏன் என்று தெருவே கேட்டுவிட்டது, நீங்களும் கேட்காதீர்கள். ஊர் ராஜபாளையம். அம்மா அங்கே நூல் மில்லில் ஸ்பின்னிங் மிஷின் பார்க்கிறாள். "ஆடிப்பூரம் முடியட்டும், ஒன்னையும் மில்லுல சேத்து விடுதேன்" என்று சூப்பர்வைசரிடம் பேசியே வைத்துவிட்டாள். மில் வேலை ஒன்றும் கேவலம் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் குமார் அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். பொருட்காட்சிக்காரர்களுக்குக் குட்டி ரயிலும் டிராகன் ராட்டினமும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், இந்த வருஷம் தனக்கென்று ஒன்று செய்தார். போர் விமானத்தின் முன்பாதி. ஃபைபரில் கூர்மூக்கு, உள்ளே ஒரு சீட்டு, அதை ஆட்ட மோட்டார், முன்னால் பெரிய திரை, தலையில் மாட்ட ஹெட்செட், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். உள்ளே இருப்பவர் பார்க்கிறது வெளியே ஒரு டிவியிலும் ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமை முழுசாகக் கற்றுக்கொண்டது நான் ஒருத்திதான். அதனால் மைக் என் கையில். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரப் பொருட்காட்சியில் கடை போட்டோம். கடை ஓடினால் அடுத்தடுத்த ஊர்த் திருவிழாவுக்கும் என்னைக் கூட்டிப்போவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். ஓடாவிட்டால் விமானம் பழைய இரும்புக்கு, நான் மில்லுக்கு.

தினம் ஒரு வாகனம்

முதல் நாள் அண்ணன் பூஜை போட்டார். மூக்கில் மாலை, சந்தனம், குங்குமம், பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அதோடு விட்டிருக்கலாம். சாம்பிராணி வேறு போட்டார். வன்னியம்பட்டியிலிருந்து முதலில் வந்த ஒரு அக்கா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இது எத்தனாம் திருநாளுக்கு உள்ள வாகனம்?" என்று கேட்டார். கோயிலில் திருவிழா நடக்கிற நாளெல்லாம் ஆண்டாள் தினம் ஒரு வாகனத்தில் வருவாள் இல்லையா, அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டார்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டேன். "முன்னாடி விமானப்படையிலயும் உங்க கோயில் மாதிரிதான்க்கா. எதிரி விமானத்தத் தொரத்த ஒண்ணு, குண்டு போட ஒண்ணு, மேல இருந்து படம் பிடிக்க ஒண்ணுன்னு தனித்தனியா வச்சிருந்தாங்க. இப்ப அம்புட்டுக்கும் ஒரே விமானம். படம் பிடிக்கப் போன விமானமே குண்டும் போடும், வழியில எவனாச்சும் மறிச்சா அவனையும் பாத்துக்கிடும். அதனாலதான் பல்நோக்குப் போர் விமானம்னு பலகையில எழுதியிருக்கோம்."

அக்கா மூக்கைத் தடவிப் பார்த்தார். ஏறவில்லை. போகும்போது விமானத்தைப் பார்த்துச் சொன்னார்: "கோயில்ல ஒவ்வொரு வாகனத்துக்கும் வருசத்துல ஒரு நாளுதான் வேல. இது பாவம், எல்லா நாளும் இது தலையிலயா?"

எல்லாத்தையும் மாட்டு

காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருத்தன் மட்டும் ஏறினான், மற்றவர்கள் வெளியே நின்று யோசனை சொன்னார்கள். பறப்பதற்கு முன்னால் இறக்கைக்கு அடியில் என்னென்ன மாட்டவேண்டும் என்று திரையில் தேர்ந்தெடுக்கலாம். ஏவுகணை, குண்டு, உபரி பெட்ரோல் டாங்கி, கீழே பார்க்கிற கேமரா. இவன் எல்லா இடத்திலும் பெரிய குண்டாகப் பார்த்து மாட்டினான்.

"தம்பி, எல்லாத்தையும் மாட்டினா கனம் கூடும், சட்டுன்னு திரும்பாது" என்றேன். அவன் என்னைவிட மூத்தவன். தம்பி என்றது அவனுக்குப் பிடிக்கவில்லை. "எதையும் தூக்கும்னு நீங்கதான மைக்ல சொன்னீங்க?" "எதையும் தூக்கும்னு சொன்னேன். எல்லாத்தையும் ஒரே நேரத்துல தூக்கும்னு சொல்லல. என்ன வேலைக்குப் போறோம்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்ததத்தான் மாட்டணும்." கேட்கவில்லை. ஓடுபாதையின் கடைசி அங்குலத்தில் எழும்பி, முதல் மலையிலேயே போய்ச் சேர்ந்தான்.

வெளியே டிவியில் புகையைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் கூட்டாளி உள்ளே தலையை நீட்டினான்: "ஏலே, கல்யாண வீட்டு எலையில நீ பண்ணுற அதே வேலைதாம்ல இது."

மூஞ்சி தெரியாத எதிரி

எங்களுக்கு எதிர்க்கடை பேய் வீடு. அதை நடத்துகிறவர் பாண்டி அண்ணாச்சி. எலும்புக்கூடு வேஷம் போட்ட இரண்டு பையன்கள் உள்ளே கத்துவார்கள், வெளியே கூட்டம் நெரியும். எங்கள் பக்கம் காற்று வாங்கியது. ஒரு நாள் அண்ணாச்சியே இரக்கப்பட்டு வந்து உட்கார்ந்தார். "சண்ட போடணும். நேருக்கு நேரா" என்றார்.

ராடாரில் ஒரு புள்ளி வந்தது. "அதுதான் எதிரி, கட்டம் சிவப்பானதும் அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். ஏவுகணை போனது. கொஞ்ச நேரத்தில் புள்ளி அணைந்தது. சண்டை முடிந்துவிட்டது. அவர் இன்னும் திரையைத் துழாவிக்கொண்டிருந்தார். "எங்க அவன்?" "செத்துட்டான் அண்ணாச்சி." "நான் பாக்கவே இல்லயே!" "அவனும் உங்களப் பாக்கல. இப்ப உள்ள விமானத்துல கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும். யாரு ராடார் மொதல்ல பாக்குதோ அவன் செயிச்சான்."

ஜெயித்த மனுஷன் தோற்றவர் மாதிரி இறங்கினார். ஆளைப் பயமுறுத்தியே பிழைக்கிறவர், மூஞ்சி பார்க்காத தொழிலை அவரால் மதிக்க முடியவில்லை. "இதுக்குப் பேரு சண்டயா தாயி? இது மொட்டக் கடுதாசி."

ஒன்பது மடங்கு

பால்கோவா கிண்டுகிற ஒருவர் வந்தார். ஆள் நல்ல கனம். அவர் உட்கார்ந்ததும் மோட்டார் ஒரு சத்தம் போட்டது, அதை அண்ணன் காதில் வாங்காத மாதிரி நின்றார். சீட்டு இப்படியும் அப்படியும் சாய்ந்ததும், "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

இதெல்லாம் சும்மா என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நிஜ விமானம் வேகத்தில் வளைந்து திரும்பும்போது உடம்பு எடை ஒன்பது மடங்கு வரை ஆகும். தலையில் இருக்கிற ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டிவிடும். அதற்காகவே பைலட் போட்டிருக்கிற உடுப்பு காற்றை நிரப்பிக்கொண்டு காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும். விமானம் தாங்கும், உள்ளே இருக்கிற ஆள் தாங்கவேண்டுமே, அதுதான் கஷ்டம் என்றேன். அவர் தன் வயிற்றைப் பார்த்தார். வெளியே நின்ற அவர் சம்சாரத்தையும் பார்த்தார்.

அந்த அம்மா கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "ஒரு மடங்குக்கே எங்க வீட்டுக் கட்டில் தாங்கல, நீ அவர எறங்கி வரச் சொல்லு."

சந்தனப் பொட்டு

பிறகுதான் வந்தது கெட்ட காலம். யார் ஏறினாலும் திரையில் வெறும் ஆகாசம். ஹெட்செட் மாட்டியவர் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் படமும் அந்தப் பக்கம் திரும்பவேண்டும். திரும்பவில்லை. "ஆகாசம் காட்டுற மிஷின்" என்று பேரே வைத்துவிட்டார்கள். அண்ணன் வயரையெல்லாம் கழற்றி மாட்டினார். மதுரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார். அவர் புரோகிராமை அழித்துத் திரும்பப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, அதே ஆகாசத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்துப் பொருட்காட்சி காண்ட்ராக்டர் வந்தார். தேர் அன்றைக்காவது கூட்டம் நிற்கவேண்டும், நிற்காவிட்டால் மறுநாள் இதே இடத்தில் இரண்டாவது பேய் வீடு போட்டுவிடுவேன் என்றார். பாண்டி அண்ணாச்சி ஏற்கெனவே இரண்டு எலும்புக்கூட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாராம்.

மறுநாள் காலையில் அண்ணன் பூஜை போடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். லாரி வாங்கினால் முன்விளக்கு இரண்டுக்கும் பொட்டு வைப்போம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் மனுஷன் விமானத்தில் கண் மாதிரி என்னென்ன இருந்ததோ எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே போனார். திரைக்கு மேலே சுண்டைக்காய் அளவில் ஒரு கேமரா உண்டு. ஓட்டுகிறவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறதே அதுதான். அதற்கும் ஒரு பொட்டு. தினமும். நேற்று வைத்ததற்கு மேலேயே இன்றைக்கு வைத்ததும். நான் துப்பட்டாவை எச்சில் தொட்டுத் துடைத்தேன். ஆகாசம் கீழே இறங்கியது, மலை வந்தது, ஓடுபாதை வந்தது.

நான் போட்ட சத்தத்தில் பேய் வீட்டுப் பிள்ளைகளே எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்காரனும் கோடிக் கணக்கில் செலவு பண்ணி எதிரி ராடாரைக் குருடாக்க வழி தேடுகிறான், நீங்க சந்தனத்திலேயே முடிச்சிட்டீங்களே என்று கத்தினேன். அண்ணன் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "சரி தாயி, இனிமே மூக்குக்கு மட்டும் வைக்கேன். ஆனா மூக்குக்கு வைப்பேன்."

ஸீரோ

ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்த ஐயா ஒருவர். இந்தப் பக்கம் அப்படி ஆள் நிறைய. நடை பார்த்தாலே தெரியும். என்னைப் பார்த்து, "சொல்லிக் கொடுக்க ஆம்பள யாரும் இல்லயா?" என்றார். "இருக்காரு, அவருக்கு ஓட்டத் தெரியாது" என்றேன். அண்ணன் தலையை ஆட்டினார். ஐயா ஏறி உட்கார்ந்தார்.

தரைப்படைக்கு உதவுகிற மிஷன் கொடுத்தேன், மிஷன் என்றால் திரையில் பறந்து முடிக்கவேண்டிய வேலை. கீழே எதிரி பதுங்கியிருக்கிற இடம், மேலேயிருந்து குண்டு. சுலபம். ஏறுகிற எல்லாரும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போட்டுவிடுவார்கள். இவர் சுற்றிக்கொண்டே இருந்தார். "போடுங்க ஐயா, நேரம் போகுது." "நம்ம ஆளு எங்க நிக்கான்?" "அது இந்த மிஷன்ல காட்டாது." "காட்டாதுன்னா எப்படிப் போடுறது?" மறுபடி ஒரு சுற்று. கேமராவை இறக்கி ஒவ்வொரு பாறையாகப் பார்த்தார். சீட்டில் குனிந்து, கழுத்து நரம்பு புடைத்து. இது விளையாட்டு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. நேரம் முடிந்தது. குண்டோடு திரும்பி வந்து இறக்கினார். கம்ப்யூட்டர் ஸீரோ போட்டது.

வெளியே டிவி பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை, என்னிடம்தான் சொன்னார்: "ஏட்டி, ஸீரோவ அழிக்காத. எங்க தலைக்கு மேல நம்ம ஏரோப்பிளேன் வாரப்பெல்லாம், ஓட்டுறவன் இந்த ஸீரோவ வாங்கிட்டுப் போகணும்னுதான் வேண்டிக்கிட்டுப் படுத்திருப்போம்."

ஓடிக்கிட்டே பெட்ரோல்

இருக்கிறதிலேயே கஷ்டம், நடு ஆகாயத்தில் பெட்ரோல் போடுவது. முன்னால் டாங்கர் விமானம் போகும், அதிலிருந்து ஒரு குழாய் தொங்கும், முனையில் கூடை மாதிரி ஒன்று. அந்தக் கூடைக்குள் நம்முடைய மூக்குக்குழாயைக் கொண்டுபோய்ச் சொருகவேண்டும். இரண்டும் பறந்துகொண்டிருக்கும்போதே. எனக்கே பத்துக்கு ஒரு தடவைதான் சரியாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஒரு ஆட்டோக்காரர் முதல் தடவையிலேயே சொருகினார். வாயில் பாக்கு வேறு. எப்படி அண்ணே என்றேன். திருவிழாக் கூட்டத்தில் ரத வீதியில் மினி பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவில் ஆட்டோ விடுகிறவனுக்கு இதெல்லாம் காலி ரோடு என்றார். குழாயை எடுக்கவும் மனசில்லை, டாங்கி நிரம்பியும் ஒட்டிக்கொண்டே பறந்தார். இறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"இந்த வசதி மட்டும் ஆட்டோவுக்கு வரட்டும் தங்கச்சி, நான் வீட்டுப் பக்கமே போகமாட்டேன்."

டூட்டி

ஆட்டோக்காரர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. விமானம் எல்லா வேலையும் செய்யும் என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தேன், ஆனால் வருகிற எல்லாருக்கும் ஒரே சண்டையைத்தான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து மைக்கில் ஒரே கேள்வி: "நீங்க என்ன வேல பாக்கீங்க? அதே வேலைய ஆகாசத்துல பாருங்க!" பஸ் கண்டக்டர் வந்தார், ஒரே நேரத்தில் நிறையப் புள்ளிகளைக் கணக்கு வைக்கிற ராடார் வேலை கொடுத்தேன். மாடி கட்டுகிற கொத்தனாருக்குப் படம் பிடிக்கிற வேலை, கோடு பிசகாமல் நேராகப் பறக்கவேண்டும். ஒருத்தரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கவில்லை. வரிசை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று கடை வாசலில் முளைத்தது.

திருவிழா பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு என்ன கொடுப்பது, யோசிக்கவே வேண்டாம். மெதுவாகப் போகிற ஒரு சரக்கு விமானம், அதை யாரும் நெருங்காமல் கூடவே போய்க் கரை சேர்க்கவேண்டும். சுடவேண்டியதுகூட இல்லை. பக்கத்தில் இவர் பறப்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். போர் விமானம் பாதி நாள் பார்க்கிற வேலையே அதுதான். பிரமாதமாகச் செய்தார்.

இறங்கித் தொப்பியை மாட்டும்போது பெருமூச்சு விட்டார்: "டூட்டி முடிஞ்சு செத்த நேரம் உக்காரலாம்னு வந்தா, இங்கயும் பந்தோபஸ்தா போடுத தாயி?"

தேர் நாள்

முளைத்த வரிசையைத் தேர் நாள் காலையில் தேர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரே வடத்தில் கிடந்தது. பொருட்காட்சியில் நாய் படுத்திருந்தது. காண்ட்ராக்டர் எங்கள் கடைக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாண்டி அண்ணாச்சி கையில் டேப் வைத்து எங்கள் கடையின் அகலத்தை அளந்தார். எங்கள் கண் முன்னாலேயே.

அந்த நேரம் அம்மா வந்தாள். மில்லில் லீவு போட்டு, வடம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கையில் தூக்குவாளியோடு. "திங்கக்கெழம சேரச் சொல்லிட்டாவ. சாயங்காலமே கணக்க முடிச்சிட்டு வீட்டுக்கு வந்துரு" என்றாள். எனக்கு வாளியைத் திறக்கப் பிடிக்கவில்லை. காலியாகக் கிடந்த சீட்டை அம்மா பார்த்தாள். "இதுக்கா இம்புட்டு நாளு பஸ் ஏறி வந்த?" ஏறிப் பார் என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். சைக்கிள் தவிர எதையும் ஓட்டாதவள், செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஹெட்செட்டை மாட்டிவிட்டுக் கடைசி மிஷனைப் போட்டுவிட்டேன். அது யாருமே முடிக்காத மிஷன்.

அண்ணன் என் காதில் கிசுகிசுத்தார்: "ஏன் தாயி, பெத்த தாயையே மலையில கொண்டு மோதப் பாக்கியே?"

எது மொதல்ல அறும்?

கடைசி மிஷன் இதுதான். ஒரு பாலத்தை உடைக்கப் போகவேண்டும். போகிற வழியில் எதிரி விமானங்கள் வரும். கீழேயிருந்து ஏவுகணை வரும். பெட்ரோல் குறையும். எல்லாம் ஒன்றாக வரும். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பட்டன், அதை அமுக்கினால் குண்டு போடுகிற விமானம் சண்டை போடுகிற விமானமாக மாறும், திரும்ப அமுக்கினால் பழையபடி. எல்லாரும் முதலில் வருகிற எதிரியைத் துரத்திக்கொண்டு போய் மற்றதையெல்லாம் மறந்து செத்துப்போவார்கள். "ஓட்டுறதப் பத்திப் பயப்படாதம்மா, கைய விட்டாலும் கம்ப்யூட்டர் நேரா வச்சிக்கிடும். என்ன செய்யணும்னு முடிவெடுக்கிறது மட்டும்தான் உன் வேல" என்று மைக்கில் சொன்னேன்.

அம்மா மலையைப் பார்க்கவில்லை, மேகத்தைப் பார்க்கவில்லை. ராடார் திரையில் இருந்த புள்ளிகளை மட்டும் பார்த்தாள். "இதுல எது மொதல்ல அறும்?" என்றாள். எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மில்லில் அவள் வேலையே அதுதானே. இரண்டு பக்கமும் நீளமான மிஷின், வரிசை வரிசையாகப் பாபின் சுற்றும், நடுவில் நடந்துகொண்டே எந்த நூல் அறுகிறது என்று கண்ணை ஓட்டவேண்டும், எல்லாவற்றுக்கும் ஓடமுடியாது, எதற்கு முதலில் என்று தீர்மானித்து ஒட்டவேண்டும். "கிட்ட வாரது ஏவுகண, அதான் மொதல்ல" என்றேன். "அப்ப அது." நெருப்புப் பந்தை உதிர்த்து ஏவுகணையை ஏமாற்றச் சொன்னேன், உதிர்த்தாள். "இது இருக்கட்டும். இது அறும். மொதல்ல இது." மில்லில் தனக்குத்தானே பேசிக்கொள்கிற அதே முனகல், மைக் வழியாக மைதானம் பூராவும் கேட்டது. ஒரு எதிரி அடிவாங்கித் திரும்பி ஓடினான். துரத்தவில்லை. "போறவன் போகட்டும், பெட்ரோல் எங்கட்டி?" என்றாள். டாங்கர்க் கூடை இரண்டு தடவை நழுவி மூன்றாவதில் மாட்டியது. அறுந்த நூலை எடுத்து ஒட்டுகிற விரல் அது.

வெளியே கைதட்டல் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். தேர் நிலைக்கு வந்து, கூட்டம் பொருட்காட்சிக்குள் நுழைந்திருந்தது. டிவிக்கு முன்னால் நிற்க இடமில்லை. நெற்றியில் வேர்வை வழிய, வடம் பிடித்த கை சிவந்திருக்க நின்றார்கள். பாலம் இடிந்தபோது விசில். விமானம் ஓடுபாதையில் இரண்டு துள்ளு துள்ளி நின்றபோது, தேர் நிலைக்கு வந்தப்பகூட இம்புட்டுச் சத்தம் இல்லை என்று யாரோ சொன்னார்கள். சாமி குத்தம், அதை நான் சொல்லவில்லை. 'மிஷன் முடிந்தது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்தக் கடைசி மிஷனில் அந்த எழுத்து அதுவரை யாருக்கும் வரவில்லை. காண்ட்ராக்டர் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் அந்த நாற்காலி மேலேயே ஏறி நின்றார். அங்கிருந்தே கையை வாய்க்குக் குவித்துக் கத்தினார்: "ஏலே பாண்டி, டேப்பச் சுருட்டு! ஒன் எலும்புக்கூடு ரெண்டும் இங்க வரிசையில நிக்கி!"

திங்கட்கிழமை

அவ்வளவு கூட்டத்தையும் விட்டுவிட்டு நான் சீட்டுப் பக்கம் போனேன். எனக்கு வேண்டிய பதில் உள்ளேதான் இருந்தது. அம்மா ஹெட்செட்டைக் கழற்றவில்லை. தலைப்பூ நசுங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது. நான் என்ன கேட்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். நான் அந்தப் பூவை நேராக்கிவிட்டேன். வெளியே அண்ணன் மைக்கைப் பிடுங்கி, "அடுத்தது யாரு, அடுத்தது யாரு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"எட்டு மணி நேரம் நடந்துக்கிட்டே பாக்குற வேலைய இங்க உக்காந்துல்ல பாக்க விடுதாவ" என்றாள் அம்மா. சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிப் பெடல் மேல் வைத்தாள். எலுமிச்சம்பழம் உருண்டு வந்து என் காலில் நின்றது. வரிசையில் முதலாவதாக நின்ற எலும்புக்கூடு, "யக்கா, நேரம் முடிஞ்சிட்டு, எறங்குங்க" என்று கெஞ்சியது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சூப்பர்வைசர்ட்ட ஒனக்கு வேற வேல கெடச்சிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன், நீ பேசாம இன்னொரு ரவுண்டு போடுட்டி."

இப்போது எந்த ஊர்த் திருவிழாவில் கடை போட்டாலும், ஏறியவர் எல்லாரையும் நேரத்துக்கு இறக்கிவிடுகிறேன், வார லீவு தவறாமல் பஸ் பிடித்து வந்து வரிசையை முந்தி ஏறுகிற ஒரே ஒரு மில்காரியைத் தவிர.